நூறு சொல்லுக்கு நாலணா

சொல் என்றால் எது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளாதது ரெபேக்காளின் தவறு. பிற்காலத்தில் அவளே அதை ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளும்போதும் கோபம் குறையவில்லை. “ஒரு படின்னா ஒரு படிதான்னு நெனச்சேன். அளக்கும்போது படிய மாத்துவாவன்னு நான் என்னத்தக் கண்டேன்” என்பாள்.

இலஞ்சியில் பிறந்தவள். பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் தென்காசியில் இரண்டு வக்கீல்களுக்கு நகல் எழுதும் வேலை கிடைத்தது. நகலுக்குக் கூலி சொல் எண்ணித்தான். வரிக்கு இத்தனை சொல், பக்கத்துக்கு இத்தனை வரி என்று பழகியவளுக்கு ஒரு தாளைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எத்தனை சொல் இருக்கிறதென்று சொல்ல வரும். ஐந்தாறு சொல்லுக்கு மேல் பிசகாது. பிறகு ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ்ச் சுருக்கெழுத்தைத் தானே படித்தாள். கீழ் வகுப்பு, மேல் வகுப்பு இரண்டு பரீட்சையும் தனித்தேர்வராகத் திருநெல்வேலிக்குப் போய் எழுதித் தேறினாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

ஆபீஸ்களில் தமிழ் வரப்போகிறது என்ற பேச்சு பலமாக இருந்த காலம் அது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் நாற்பது வயதில் பென்சிலைச் சீவிக்கொண்டு சுருக்கெழுத்துப் படிக்க வந்தார்கள். தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த குற்றாலிங்கம் பிள்ளை காற்று வீசும் திசையைக் கண்டுகொண்டார். வேகப் பயிற்சிக்குப் பாடம் தயாரித்து அச்சடித்துத் தபாலில் விற்கலாம். சிவகிரியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆள் இன்ஸ்டிட்யூட்டுக்கு வர வேண்டியதில்லை, பாடம் அவர்களிடம் போகும். யாராவது ஒருவர் அருகில் உட்கார்ந்து வாசிக்க, படிப்பவர் எழுதிப் பழக வேண்டியதுதான்.

ஐம்பத்தெட்டு டிசம்பரில் ரெபேக்காளைக் கூப்பிட்டார். நூறு பாடம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் வாசிக்கிற அளவு. நிமிஷத்துக்கு எண்பது சொல் வீதம் பாடத்துக்கு நானூறு சொல். கூலி நூறு சொல்லுக்கு நாலணா. நயா பைசா வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் பேரம் அணாவில்தான் நடந்தது. நாற்பதாயிரம் சொல்லுக்கு நூறு ரூபாய். எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. வாய்ப்பேச்சுதான்.

அந்த நூறு ரூபாய்க்கு அவளிடம் ஒரு வேலை இருந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு வியாபாரியிடம் பழைய தமிழ் டைப்ரைட்டர் ஒன்று விலைக்கு இருந்தது. முந்நூற்றைம்பது ரூபாய். ஐந்து வருஷச் சேமிப்பு இருநூற்றைம்பதை முன்பணமாகக் கொடுத்திருந்தாள். ஆடி கடைசிக்குள் மிச்சம் நூறைக் கட்டி மெஷினை எடுத்துப் போக வேண்டும் என்பது பேச்சு. சொந்த மெஷின் இல்லாமல் அவள் டைப் அடித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குற்றாலிங்கம் பிள்ளைக்கே வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாடம் எழுதுவதை எழுத்து வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். எழுதுவது அதில் கால்வாசிகூடக் கிடையாது. முதல் பத்துப் பாடத்தில் எண்களே வரக்கூடாது. எண் வந்தால் புதிதாகப் பழகுபவனின் கை நின்றுவிடும். முப்பதாம் பாடத்துக்கு முன்னால் ஊர்ப் பெயர் கூடாது. ஒரு கடினமான சொல் வந்தால் அதே பாடத்தில் இன்னொரு முறை வர வேண்டும், இரண்டு பாடம் தள்ளி மூன்றாம் முறை வர வேண்டும். ஆனால் படிப்பவனுக்கு அது தெரியக்கூடாது. தாசில்தாரின் உத்தரவு, கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, சீசன் சமயத்தில் விடுதிகளுக்குச் சுகாதார அதிகாரி அனுப்பும் அறிவிப்பு, பாலம் பழுது பார்க்கும் கடிதம் என்று ஆபீஸில் நிஜமாகக் காதில் விழுவது எதுவோ அதையே எடுத்துக்கொண்டாள்.

எழுதியதைச் சோதிக்க இசக்கிப்பாண்டியைப் பிடித்தாள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இன்ஸ்டிட்யூட்டில் அவரைவிட மெதுவாக எழுதுகிறவர் கிடையாது. கெட்டிக்காரனை வைத்துச் சோதித்தால் பாடத்தின் பிழை தெரியாது என்பது அவள் கணக்கு. செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவள் வாசிப்பாள், அவர் எழுதுவார். அவர் பென்சில் எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த இடத்தைத் திருத்துவாள். மூன்றாம் பாடத்தை மட்டும் ஏழு தடவை மாற்றி எழுதினாள். ஏப்ரல் மாதம் ஒருநாள் அவர் அதை ஒரு சொல் விடாமல் எழுதி முடித்துவிட்டு, “என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி வேர்க்கல டீச்சர்” என்றார்.

அவள் தாள்களில் சொற்கள் பிரிந்து பிரிந்து நிற்கும். மழை பெய்து கொண்டு இருக்கிற படியால் என்று ஐந்தாக எழுதுவாள். இலக்கணம் தெரியாமல் அல்ல. நாக்குக்கும் பென்சிலுக்கும் அது ஐந்து. இருபது சொல்லுக்கு ஒரு சாய்கோடு போட்டிருப்பாள். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குக் கால் நிமிஷம். வாசிப்பவர் கடிகாரத்தையும் கோட்டையும் பார்த்தே வேகத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கோடுகள்தான் பாடம் என்றுகூடச் சொல்லலாம்.

ஜூன் முதல் வாரத்தில் நூறு பாடத்தையும் கொடுத்தாள்.

குற்றாலிங்கம் பிள்ளை அதைப் பிழை திருத்துவதற்காக ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் கொடுத்தார். பண்டிதர் நல்ல மனுஷர், சுருக்கெழுத்து அறியாதவர். பிரிந்து கிடந்த சொற்களையெல்லாம் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. சேர்க்க வேண்டியதையெல்லாம் சேர்த்தார். மழைபெய்துகொண்டிருக்கிறபடியால் என்று ஆயிற்று. ஐந்து ஒன்றாயிற்று. பிறகு இன்ஸ்டிட்யூட்டின் கணக்கர் பேச்சிமுத்து முதலாளி சொன்னபடி இடைவெளிகளை எண்ணிப் பழைய கோடுகளை அழித்துவிட்டு, இருபது இடைவெளிக்கு ஒன்றாகப் புதுக்கோடு போட்டார். அப்படியே அச்சுக்குப் போயிற்று.

ஜூலை நடுவில் கூலி வாங்கப் போனவளிடம் பேச்சிமுத்து ஓர் உறையை நீட்டினார். அறுபத்தாறு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா. மொத்தம் இருபத்தாறாயிரத்து எழுநூறு சொல், தானே இரண்டு முறை எண்ணியதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. எண்ணியது நிஜம்.

ரெபேக்காள் உறையைத் தொடவில்லை. மேஜை மேல் கிடந்த அச்சுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இரண்டு பக்கம் பார்ப்பதற்குள் முகம் கறுத்துவிட்டது. கூலி குறைந்தது முதலில் உறைத்ததா, கோடுகள் மாறியது முதலில் உறைத்ததா என்று பின்னாளில் கேட்டபோது, இரண்டும் ஒரே அடிதான் என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே டிக்டேஷன் எழுதிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி வெளியே வந்தார். புதுப் புத்தகத்திலிருந்து மூன்றாம் பாடத்தை வாசித்திருக்கிறார்கள். ஏப்ரலில் தான் எழுதிய அதே பாடம் இப்போது பாதியில் விட்டுப்போகிறது, வயசாகிவிட்டது போல, பீஸ் கட்டுவதை நிறுத்திவிடலாமா என்று அவளிடமே யோசனை கேட்டார்.

“வயசு ஆகல சார். ஒங்க கைய வெட்டி அந்தாளு எனக்குக் கூலி கொறச்சிருக்காரு” என்றாள்.

குற்றாலிங்கம் பிள்ளை ஊரில் இல்லை. சாரல் தொடங்கினால் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்து ஆடி முடியும்வரை அங்கேதான் இருப்பார். அவள் புத்தகத்தையும், அதற்காகப் போட்டிருந்த விளம்பரத் தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். உறையைப் பேச்சிமுத்துவே கொண்டு வரட்டும் என்றாள். அவர் மறுத்துப் பார்த்தார். அவள் படி இறங்கிவிட்டாள். அவரும் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அன்று நடந்ததைப் பின்னாளில் எனக்குச் சொன்னவர் அவர்தான்.

அவர்கள் போன நேரம் பிள்ளை உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவிக்குப் போகத் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் ஊற வேண்டுமே, எழுந்து போகவும் முடியாது. ரெபேக்காளைக் கண்டதும் சிரித்து, குளிக்கவா வந்தாய், பெண்கள் பக்கம் இன்று கூட்டம் குறைவு என்றார்.

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். நூறு ரூபாய் பேசி அறுபத்தாறே முக்கால் எப்படி ஆயிற்று என்று கேட்டாள். பிள்ளை பொறுமையாகவே பதில் சொன்னார். நாலணா பேசியது சொல்லுக்குத்தான். அதில் ஒரு பைசா குறைக்கவில்லை. நீ சொல்லைப் பிய்த்துப் பிய்த்து எழுதிக் கணக்கைப் பெருக்கியிருக்கிறாய். பண்டிதர் பார்த்துச் சரி செய்த பிறகு சொல் இவ்வளவுதான். சந்தேகமிருந்தால் பண்டிதரிடம் போய்த் தமிழ் கேட்டுக்கொள்.

“எம்மா, எழுத்துக்குத்தான் காசு. நடுவுல கெடக்க வெத்து எடத்துக்குமா காசு கேப்ப?” என்றார். “அருவித் தண்ணி மாதிரி ஒனக்கு எழுத வருது. இதப் போயி எண்ணிக்கிட்டு.”

அவள் விளம்பரத் தாளை விரித்து அவர் மடியில் வைத்தாள். நூறு பாடங்கள், நாற்பதாயிரம் சொற்கள், நிமிஷத்துக்கு எண்பது சொல் வேகம், விலை ரூபாய் ஆறு என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“இந்த நாப்பதாயிரம் யாரு எண்ணுனது அண்ணாச்சி?”

“அது விக்கதுக்கு உள்ள கணக்கும்மா. இது கூலிக்கு உள்ள கணக்கு.”

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். இரண்டு கணக்கு வைத்திருக்கும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறார். அதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லக் கேட்டது அன்றைக்குத்தான்.

ரெபேக்காள் சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் போடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டையும் சீவிய பென்சிலையும் எடுத்துப் பிள்ளையின் முன்னால் வைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

“நீங்க எழுதுங்க அண்ணாச்சி. நான் வாசிக்கேன். ஒங்க புத்தகம், ஒங்க கோடு, எம்பது சொல் வேகம். அஞ்சு நிமிஷம் வேண்டாம். ஒரு நிமிஷம் போதும்.”

பிள்ளை ஆங்கிலத்தில் மேல் வகுப்பும் தமிழில் கீழ் வகுப்பும் தேறியவர். இரண்டு சான்றிதழையும் கண்ணாடி போட்டு இன்ஸ்டிட்யூட்டில் மாட்டியிருக்கிறார். தன் கணக்கர் முன்னால் எழுத மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. பென்சிலை எடுத்தார். அவள் மூன்றாம் பாடத்தை எடுத்தாள். பேச்சிமுத்து கால் நிமிஷத்துக்கொரு முறை விரலால் மேஜையைத் தட்டினார். அவர் தட்டும்போது அவள் சரியாகக் கோட்டில் இருந்தாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இரண்டாவது கோட்டில் பிள்ளை ஒரு வரி பின்தங்கினார். மூன்றாவது கோட்டில் பென்சில் வழுக்கித் தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்தது.

“கை எண்ணெ” என்றார்.

அவள் கொடியில் கிடந்த துவாலையை எடுத்து நீட்டினாள். “தொடைங்க. மறுபடியும் வாசிக்கேன்.”

துடைத்தார். அவள் முதலிலிருந்து வாசித்தாள். இந்த முறை எண்ணெய் இல்லை. மூன்றாவது கோட்டுக்குள் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

இது எண்பது அல்ல, நூற்றிருபது என்றாள் அவள். நிமிஷத்துக்கு எண்பது என்று கீழ் வகுப்புக்காரனிடம் விற்று மேல் வகுப்பு வேகத்தை அவன் தலையில் போட்டிருக்கிறீர்கள். படிக்கிறவன் தன் கைதான் மந்தம் என்று நினைத்துப் படிப்பை விடுவான். என் கூலியைக் குறைக்க எந்த அளவை மாற்றினீர்களோ அதே அளவுதான் பாடத்துக்கும் அளவு. ஒன்றைக் குறைத்து மற்றதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

அவள் சொன்னதில் பிழை இல்லை என்பது பிள்ளைக்கு விளங்கியது. விளங்கியதால்தான் அவருக்குக் கோபம் வந்தது. புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது, இனிப் பேசி என்ன பயன் என்றார். எழுபத்தைந்தாக வாங்கிக்கொண்டு போ, அதுவும் உன் மூஞ்சிக்காக என்றார். கடைசியில், ஒற்றைப் பொம்பிளைக்கு இவ்வளவு பணத்தில் அப்படி என்ன செலவு என்று கேட்டார்.

அவள் நோட்டையும் பென்சிலையும் கடிகாரத்தையும் எடுத்துப் பையில் போட்டாள். பென்சிலில் எண்ணெய் இருந்தது. அதை அவருடைய விளம்பரத் தாளில் துடைத்துவிட்டு, தாளை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினாள். பேச்சிமுத்து கொண்டுவந்த உறை அவரிடமே இருந்தது.

ஆடி முடிந்தது. எழுபத்தைந்தை வாங்கியிருந்தால் மிச்சம் இருபத்தைந்தை எங்காவது புரட்டி மெஷினை எடுத்திருக்கலாம். வீட்டில் அவள் தாயார் அதைத்தான் சொன்னாள். அவள் கேட்கவில்லை. எழுபத்தைந்தை வாங்கினால் இடைவெளியை எண்ணியது சரி என்று ஆகிவிடும். அப்புறம் சாகிறவரைக்கும் எல்லாரும் எனக்கு இடைவெளியைத்தான் எண்ணுவார்கள் என்றாள். வக்கீல்களிடம் முன்பணம் கேட்டுப் பார்த்தாள். ஒருவர் பத்து ரூபாய் கொடுத்தார். ஆவணி இரண்டாம் தேதி வியாபாரி மெஷினை அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். முன்பணத்தில் இருபத்தைந்து ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். கெடு தாண்டினால் பிடிப்பது அவர் வழக்கம். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. முன்கூட்டியே சொல்லிப் பிடித்தவர் அவர்.

செப்டம்பரில் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர், முதல் பாடத்தையே பதினெட்டு நாளாக எழுதுகிறேன், முடியவில்லை, பணத்தைத் திருப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தார். தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும்படி வி.பி.பி.யில் போன பார்சல்கள் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தன. அக்டோபருக்குள் நாற்பது கடிதம். பிள்ளை பண்டிதரைக் கூப்பிட்டுக் கோடுகளைத் திருத்தித் தரச் சொன்னார். எந்தக் கோடு என்று பண்டிதர் கேட்டார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

பேச்சிமுத்து இலஞ்சிக்கு இரண்டு முறை போனார். முதல் முறை, முதலாளி வரச் சொன்னார் என்றார். வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டாள். இரண்டாம் முறை, முதலாளி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் என்றார். அதற்குப் போனாள்.

அவளிடம் பழைய கைப்பிரதியின் நகல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் சரியான கோடு எங்கே விழ வேண்டும் என்பது அதில் இருந்தது. அதைப் பார்த்து ஒரு திருத்தப் பட்டியல் தயாரித்தால் புத்தகத்தோடு வைத்து அனுப்பலாம், ஐந்நூறு பிரதியும் பிழைக்கும். அதற்கு அவள் சொன்ன நிபந்தனையில் சொல் என்ற பேச்சே இல்லை. கடிகாரத்தை மேஜை மேல் வைத்தாள். இனிமேல் கூலி நிமிஷத்துக்கு என்றாள். ஒரு பாடம் ஐந்து நிமிஷம், நூறு பாடம் ஐந்நூறு நிமிஷம், நிமிஷத்துக்கு இருபது நயா பைசா. பண்டிதர் சொல்லைச் சேர்க்கட்டும், பிரிக்கட்டும், தலைகீழாக நிறுத்தட்டும். நிமிஷத்தைச் சேர்த்து எழுத முடியாது. ஆக நூறு ரூபாய். திருத்தப் பட்டியலுக்குத் தனியாக இருபத்தைந்து.

“இருவத்தஞ்சு எதுக்கும்மா? கோடு போடுததுக்கா?” என்றார் பிள்ளை.

“கோட அழிச்சதுக்கு.”

பத்துக்குப் பேசிப் பார்த்தார், பதினைந்துக்குப் பேசிப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றாள். பத்தரைக்கு அவர் ஒப்புக்கொண்டார். பணம் முதலில், பட்டியல் பிறகு என்றாள். அதற்கும் ஒப்புக்கொண்டார்.

நூற்றிருபத்தைந்தும் எண்ணி வைக்கப்பட்டது. அவள் மறுபடி ஒருமுறை எண்ணினாள். பேச்சிமுத்து ரசீது எழுதி ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அவள் முன்னால் தள்ளினார். வாசகம் முதலாளி சொல்லச் சொல்ல எழுதியது: வேகப் பயிற்சிப் பாடங்களுக்கும் திருத்தப் பட்டியலுக்கும் உரிய ரூபாய் நூற்றிருபத்தைந்தும் முழுத்திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.

அவள் இரண்டு முறை வாசித்தாள். பேனாவைத் திறந்து ‘முழுத்திருப்தியுடன்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். வேகமில்லாமல், நேராக, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை. பிறகு ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. பணத்தையும் வாங்கிக்கொண்டு ரசீதில் இப்படிப் பாதியை அடித்தால் எப்படி என்று கேட்டார்.

“பாதி எங்க அடிச்சேன்? ஒங்க கணக்குப்படி அது ஒரு சொல்லுதான அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.